சார்ஜ் ஏறாத பேட்டரியும் சந்தன வாசமும்

போன செவ்வாய்க்கிழமை மத்தியானம், ஆளில்லாத கேரவனுக்குள் சந்தனம் மணத்தது.

ஊதுபத்தி இல்லை. சாமிப் படம் இல்லை. சுற்றிவர லீக்ஸ் வெங்காயப் பாத்திதான். லீக்ஸ் பாத்தியில் உரம் மணக்கும், ஈர மண் மணக்கும். சந்தனம் மணக்குமா?

நான் பயந்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். என்னைப் பயந்தவள் என்று இதுவரை யாரும் சொன்னதில்லை. சொல்ல விட்டதும் இல்லை. பனி இறங்கினால் முன்னால் போகிறவளின் கூடை கூடத் தெரியாத மலைகளில் தேயிலைக் கொழுந்து எடுத்தவள் நான். ஆனாலும் அன்றைக்குச் சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டேன். அதைக் குளிர் என்றே எழுதிவிடுகிறேன்.

இருங்கள்... இந்தக் கிழவிக்குக் கேரவன் எங்கேயிருந்து வந்தது என்று கேட்பீர்கள். எனக்கு எழுத்து கொஞ்சம்தான் தெரியும், மெதுவாகத்தான் ஓடும். போன வாரம் இந்தப் பத்தியில் கோழி காணாமல் போன கதையையே எத்தனை நிதானமாகச் சொன்னேன்! அதே நடையில் வாருங்கள்.

கேரவன் என்னுடையது இல்லை. என் தங்கச்சி மகள் கலாவுடையது. தங்கச்சி சின்ன வயதிலேயே போய்விட்டாள். கலாவை வளர்த்தது நான். அவளுடைய புருஷன் மோகன், வான் வண்டி ஓட்டுகிற பிள்ளை. நுவரெலியாவில் ஒரு ஹோட்டலின் பின்பக்கம் பாசி பிடித்துக் கிடந்த வண்டியை வாங்கி, டிராக்டரில் கட்டி, எங்கள் வட்டகொடை வரைக்கும் இழுத்து வந்தான். அன்றைக்கு லயத்து வரிசை வீட்டுச் சனமே வெளியில் வந்து நின்று பார்த்தது. சக்கரத்தின் மேல் ஒரு வீடு! உள்ளே கட்டில், அடுப்பு, தண்ணீர்க் குழாய், ஜன்னல். பக்கத்து வீட்டுக்காரி, “தேரு வருது, தேங்காய எடுத்துட்டு வாங்கடி” என்றாள். சிரிப்பு அடங்க நேரமாயிற்று.

எங்கள் வீட்டுப் பின்பக்கம் நின்றால் ரயில் வளைந்து வளைந்து போவது முழுக்கத் தெரியும். நாங்கள் பார்த்துப் பார்த்து அலுத்துப்போன ரயில். அதைப் பார்க்க எங்கிருந்தோ ஆட்கள் வருகிறார்கள், கேமராவோடு. அவர்களைத் தங்கவைக்கலாம் என்பது மோகனின் யோசனை. லீக்ஸ் பாத்தியில் பாதியை மூடிக் கல் பரப்பினான். பெயிண்ட் அடித்தான். ஆயுத பூஜைக்கு, வீட்டில் இருந்த கத்தி, மண்வெட்டி, வான், தையல் மெஷினோடு சேர்த்து கேரவனுக்கும் பொட்டு வைத்தான். ஒரு சாமானை விடவில்லை.

பூஜை முடிந்து அதிக நாள் இல்லை. ஜன்னலுக்குத் திரை மாட்டிவிட்டு, கொஞ்சம் சாய்ந்துவிட்டு வருகிறேன் என்று கேரவன் கட்டிலில் படுத்தான். தேத்தண்ணி கொண்டுபோன கலா, கோப்பையைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள்.

நெஞ்சு நின்றுவிட்டது என்றார்கள். அவ்வளவுதான். நோய் இல்லை, நொடி இல்லை.

கருமாதி முடியும்வரை கேரவன் பூட்டிக் கிடந்தது. பிறகு திறந்து, வீட்டிலிருந்து வயரை இழுத்துச் செருகினால்... பேட்டரியில் சார்ஜ் ஏறவில்லை.

அந்த ஏற்பாட்டைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கேரவனில் லைட்டும் தண்ணீர் மோட்டரும் பேட்டரியில்தான் ஓடும். வீட்டுக் கரண்ட் நேராகப் பேட்டரிக்குப் போகாது. நடுவில் சார்ஜர் என்று ஒரு பெட்டி. மோகன் எனக்கு ஒரு நாள் விளக்கினான்: “வீட்டுக் கரண்ட்டு அரிசிங்க பெரியம்மா. சார்ஜருதான் சோறாக்கித் தருது. பேட்டரி சோறுதான் திங்கும், அரிசி திங்காது.”

இப்போது அரிசி இருந்தது. அடுப்பு எரிந்தது. பேட்டரி மட்டும் பட்டினி கிடந்தது.

துக்கம் உள்ள வீட்டில் ஒரு சாமான் கெட்டுப்போனால், அது வெறும் சாமான் கெட்டது என்று யாராவது எடுத்துக்கொள்வார்களா? புருஷன் செத்த கட்டில். அவன் போனபிறகு விளக்கெரியாத வண்டி. பீலிக்கரையில் தண்ணீர் பிடிக்க நின்றவர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். ஒருத்தி பூசாரியைக் கூப்பிடச் சொன்னாள். ஒருத்தி விற்றுவிடச் சொன்னாள். வாங்குகிறவன் பாவம் இல்லையா என்று நான் கேட்டேன். அவள் குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

அந்த நேரம் பார்த்துக் கொழும்பிலிருந்து ஒரு புருஷன் பெண்சாதி வந்தார்கள். மோகன் இருந்தபோதே சொல்லிவைத்தவர்கள். அவர்களுக்கு அவன் போனது தெரியாது, கலாவும் சொல்லவில்லை. கடையில் சார்ஜ் ஏற்றிவந்த பேட்டரியை மாட்டி, லைட்டைப் போட்டுக் கொடுத்தோம். முதல் நாள் சந்தோஷமாக இருந்தார்கள். இரண்டாம் நாள் சாயங்காலம் பனி கட்டியது. லைட் சோர்ந்துகொண்டே போய் அணைந்தது. கொஞ்ச நேரத்தில் தானாக மறுபடி எரிந்தது, பாதி வெளிச்சத்தில். பெண்சாதியாக வந்த பொம்பளைப் பிள்ளை இறங்கி வந்து, சாப்பாடு கூட வேண்டாம், கிளம்புகிறோம் என்றது. கோபம் இல்லை. முகம் வெளுத்திருந்தது. போகும்போது கலாவிடம் மெதுவாக ஒன்று கேட்டது.

“அக்கா, இதுக்குள்ள யாராவது செத்தாங்களா?”

கலா திரும்பி வீட்டுக்குள் போய்விட்டாள். அதற்குப் பிறகு அவள் கேரவனுக்குள் காலை வைக்கவே இல்லை.

குவைத் பேச்சு அதற்கு அடுத்த நாள்தான் வந்தது. வீட்டு வேலைக்கு. ஹட்டனில் ஓர் ஏஜென்ட். பாஸ்போர்ட் பழையது ஒன்று இருக்கிறது. வெள்ளிக்கிழமை அந்த ஆளே வான் கொண்டுவந்து கொழும்புக்குக் கூட்டிப்போவாராம். கலாவுக்கு ஒரு சின்ன மகள் இருக்கிறாள், அவள் என்னோடு இருக்க வேண்டியது. எல்லாவற்றையும் அவளே முடிவு செய்துவிட்டு, சோறு வடிக்கும்போது சொல்கிறாள், உப்புப் போட்டாயா என்று கேட்கிற மாதிரி.

நான் சண்டை போட்டேன். தாயில்லாமல் ஒரு பிள்ளையை வளர்த்தவளுக்குத் தெரியும், அது பொழுது சாய்கிற நேரத்தில் எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கும் என்று. கலா அப்படி உட்கார்ந்திருந்ததைப் பார்த்தவள் நான். அவளுடைய பிள்ளையும் அப்படி உட்காருவதைப் பார்க்க நான் இருக்க வேண்டுமா?

கடைசியில் ஒரு பேச்சுக்கு வந்தோம். வியாழக்கிழமை கண்டியிலிருந்து ஒரு குடும்பம் கேரவனுக்கு வருவதாக இருந்தது. அதற்குள் பேட்டரி சரியானால், அவள் இருப்பாள். சரியாகாவிட்டால் அவர்களை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டு, வெள்ளிக்கிழமை வானில் ஏறுவாள். தலையாட்டினாள். ஆனால் அவள் சரியாகும் என்று நம்பித் தலையாட்டவில்லை. அது எனக்குத் தெரிந்தது.

தலவாக்கலையிலிருந்து சூசையைக் கூப்பிட்டேன். கரண்ட் வேலையில் கெட்டிக்காரர். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துப் பூசை, அன்றைக்கு வேலைக்கு வரமாட்டார். அது ஒன்றுதான் குறை, அதையும் குறை என்று சொல்லக்கூடாது. திங்கட்கிழமை வந்தார்.

ஒவ்வொன்றாகப் பார்த்தார். வீட்டு வயர் சரியா? கேரவனுக்குள் இருந்த பிளக்கில் என் இஸ்திரிப்பெட்டியைச் செருகினார், சுட்டது. கரண்ட் வருகிறது. சார்ஜர் சரியா? பச்சை லைட் எரிந்தது. மீட்டரை வைத்துப் பார்த்து, அதுவும் சரி என்றார். பேட்டரி கெட்டுவிட்டதா? கடையில் வைத்தால் நிரம்புகிறதே! தண்ணீர் பார்த்தார். முனைகளை வெந்நீர் ஊற்றிச் சுத்தம் செய்தார். சார்ஜரிலிருந்து பேட்டரிக்கு வருகிற வயரை எலி கடித்திருக்கும் என்று சொல்லி, புது வயரே மாற்றினார். நடுவில் சுவரோடு ஒரு சின்னப் பிளாஸ்டிக் பெட்டி. அதற்குள் பியூஸ். மூடியைத் திறந்து எட்டிப் பார்த்தார். அதன் கண்ணாடி மாதிரி உடம்புக்குள் தெரிந்த கம்பி அறுந்திருக்கவில்லை. பியூஸ் நன்றாயிருக்கிறது என்று மூடிவிட்டார்.

கொடுக்கிற இடம் நல்லது. வாங்குகிற இடம் நல்லது. வழி புதிது. ஆனால் போய்ச்சேரவில்லை.

சூசை பின்மண்டையைச் சொறிந்தார். “கடையில குடிக்குது, இங்க குடிக்க மாட்டேங்குது. பேட்டரிக்கு கோவமுங்க அக்கா” என்றார். அது வேடிக்கைக்குச் சொன்னது. ஆனால் கலா வீட்டு வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். சூசை நாக்கைக் கடித்துக்கொண்டார்.

இப்போது செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன்.

கேரவனைக் கூட்டித் துடைப்பது நான்தான். அன்றைக்கும் போனேன். வயர் செருகியபடி இருந்தது. சார்ஜரின் பச்சை லைட் எரிந்துகொண்டிருந்தது. கட்டிலுக்கு மேலே லைட் செத்துக் கிடந்தது. சுவிட்ச் போட்டபடிதான் இருந்தது, யாரும் அணைக்கவில்லை, பேட்டரியில் ஒன்றும் இல்லாததால் எரியவில்லை. மத்தியானம்; நல்ல வெயில். பிறகு கீழே ரயில் ரோட்டுப் பக்கமிருந்து பனி ஏறி வந்தது. எங்கள் பக்கத்துப் பனியை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். வருகிறது என்று தெரியாது. பாத்தி தெரியும், வேலி தெரியும், பிறகு வேலி இருக்காது, பிறகு பாத்தி இருக்காது. ஜன்னல் மட்டும் வெள்ளையாக நிற்கும்.

நான் துடைப்பத்தோடு நின்றேன். என் நிழல் தரையில் விழுந்தது.

பனிக்குள் நிழல் எப்படி விழும்?

அண்ணாந்து பார்த்தேன். கட்டிலுக்கு மேலே அந்த லைட் எரிந்தது. முதலில் நெருப்புக் குச்சி அணைகிற நேரத்துச் சிவப்பு மாதிரி. பிறகு மஞ்சள். நடுங்கிக்கொண்டு, மூச்சு விடுகிற மாதிரி ஏறி இறங்கி. அப்போதுதான் அந்த வாசம் வந்தது. பழைய சந்தனம். சுடச்சுட அரைத்த மாதிரி இல்லை. நெற்றியில் காய்ந்து, வேர்வையில் நனைந்தால் வரும் பாருங்கள், அந்த வாசம்.

“மோகன்?” என்றேன்.

பதில் வரவில்லை. வந்திருந்தால் இந்த வாரம் நீங்கள் வேறு யாருடைய பத்தியையாவது படித்துக்கொண்டிருப்பீர்கள்.

அங்கேயே நின்றேன். ஓடவில்லை. அதை மட்டும் பெருமையாகச் சொல்லிக்கொள்வேன். கொஞ்ச நேரத்தில் பனி கலைந்தது. வேலி வந்தது. பாத்தி வந்தது. லைட் சோர்ந்து, சோர்ந்து, செத்துவிட்டது. வாசமும் போய்விட்டது.

வீட்டுக்கு வந்தேன். கலா ஜன்னலோரம் நின்றிருந்தாள். நான் வாயைத் திறப்பதற்கு முன்னால் அவள் சொன்னாள்.

“பாத்துட்டீங்களா பெரியம்மா?”

“எத்தன நாளா இப்படி?”

“பனி வந்தா வருது, பனி போனா போவுது. நா இங்கருந்தே பாப்பேன். வர்றாரு, ஒக்காந்துட்டு போறாரு.” பிறகு, என்னிடம் பாதி, தனக்குள்ளே பாதியாகச் சொன்னாள்: “என்னைய வான்னு கூப்புடுறாரா, போன்னு சொல்றாரா... அதுதான் வெளங்கல. அது வெளங்காம நா எப்படி இங்க இருக்க?”

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவள் குவைத்துக்குச் சம்பாதிக்கப் போகவில்லை. அந்த ஜன்னலைப் பார்க்காமல் இருக்கப் போகிறாள்.

புதன்கிழமை சூசையை மறுபடி வரச் சொன்னேன். இந்த முறை காலையில் வேண்டாம், பனி வருகிற நேரத்துக்கு வாருங்கள் என்றேன். ஏன் என்று கேட்டார். வந்து பாருங்கள் என்றேன்.

இருவரும் கேரவனுக்குள் உட்கார்ந்திருந்தோம், ரயிலுக்குக் காத்திருக்கிற ஆட்கள் மாதிரி. சூசை பேசிக்கொண்டே இருந்தார். மூத்த மகளின் கல்யாணம், தேவாலயத்துக் கூரை, அடுத்த வருஷப் பெருநாள். பனி வந்தது. பேச்சு குறைந்தது. லைட் துளிர்த்தது. பேச்சு நின்றது.

சூசை நெற்றியில், நெஞ்சில், தோளில் சிலுவை போட்டுக்கொண்டார்.

வாசமும் வந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். பயத்தில் இல்லை. நான் வேலை பார்த்த கடைசி வருஷங்களில் மலையில் இல்லை, தோட்டத்துத் தேயிலை ஃபேக்டரியில் தூள் சலிக்கிற பக்கம் வேலை செய்தேன். மெஷினில் எங்கேயாவது சூடு கண்டால் கண்ணுக்கு முந்தி மூக்குக்குத் தெரியும். பெல்ட்டா, கிரீஸா என்று வாசத்திலேயே ஓடிப் பிடிப்போம். செவ்வாய்க்கிழமை எனக்கு அந்த நிதானம் இல்லை. புதன்கிழமை இருந்தது. வாசம் என்றால் அதற்கு ஓர் இடம் இருக்க வேண்டும் இல்லையா? கட்டில் பக்கம் முகர்ந்தேன். இல்லை. திரைப் பக்கம், இல்லை. குனிந்து பேட்டரிப் பக்கம் போனேன். கூடியது. சுவரில் அந்தப் பியூஸ் பெட்டியில் போய் நின்றேன்.

பெட்டி மூடியில் ஒரு பொட்டு. ஆயுத பூஜைக்கு மோகன் வைத்தது. சந்தனத்தைக் கட்டைவிரலால் அழுத்தி, நடுவில் குங்குமம். சின்ன வயதில் தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தி பட்டு அவன் கட்டைவிரலில் குறுக்கே ஒரு தழும்பு உண்டு. அந்தக் கோடு சந்தனத்தில் அப்படியே பதிந்திருந்தது. தினமும் நான் அதைச் சுற்றித்தான் துடைத்தேன். அதன்மேல் துணியை வைத்ததில்லை.

விரலால் தொட்டேன்.

சூடாக இருந்தது. அடுப்புச் சூடு இல்லை. ஆள் உடம்புச் சூடு.

கையை எடுத்துவிட்டேன். சூசையிடம் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். அவர் பெட்டியின் ஓரத்தைத் தொட்டார், பொட்டைத் தொடவில்லை. அவருக்கு முகம் மாறியது. பயந்த முகம் போய், வேலைக்காரர் முகம் வந்தது.

“உள்ளுக்குள்ள ஏதோ சூடாகுதுங்க அக்கா. கரண்ட்டு போற வழியில அடைப்பு இருந்தா அங்கதான் சுடும்.”

பிறகு தயங்கினார். திங்கட்கிழமை தான் அந்தப் பியூஸைக் கழற்றவே இல்லை என்றார். எட்டித்தான் பார்த்தாராம். உள்ளேயும் சந்தனம் வைத்திருந்ததாம், பியூஸின் தலையிலும் காலைச் சுற்றியும். கழற்றினால் உதிர்ந்துவிடும். நீங்கள் கும்பிட்டு வைத்தது, அதுவும் போன மனுஷனின் கை. வேற்று மதத்துக்காரன் நான் எப்படிக் கையை வைக்க என்றார். கம்பி அறவில்லை என்று தெரிந்தது, போதும் என்று மூடிவிட்டாராம்.

மரியாதை பாருங்கள்! அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வருமா? எங்கள் பக்கம் மெஷினுக்கு வைத்த பொட்டை யாரும் துடைக்க மாட்டோம். அது தானாக உதிர வேண்டும். மிச்சத்தை அடுத்த பூஜைக்குத்தான் கழுவுவோம். வான், தையல் மெஷின், ஃபேக்டரி மெஷின், எதைப் பார்த்தாலும் ஒரு பொட்டு இருக்கும். இருந்து இருந்து, அது கண்ணில் படுவதே இல்லை. வயரைப் பார்க்கிறோம், பேட்டரியைப் பார்க்கிறோம், பொட்டை யாராவது பார்ப்போமா?

சூசை போய் வெளியே வயரைக் கழற்றிவிட்டு வந்தார். “இப்ப கரண்ட்டு இல்ல. தொடலாம். நீங்க எடுங்க அக்கா” என்றார்.

கையை நீட்டினேன். மூடியைத் திறந்தேன். அந்தச் சந்தனத்தைப் பார்த்தேன்.

எனக்குக் கை வரவில்லை.

“நகருங்க பெரியம்மா.”

கலா. கேரவன் படியில் நின்றிருந்தாள். பனிக்குள் அவள் வந்த சத்தமே கேட்கவில்லை. ஒரு காலை உள்ளே வைத்தாள். மறு காலையும் வைத்தாள். கட்டிலைப் பார்க்காமல் நேராகப் பெட்டியிடம் வந்தாள்.

“இத அவரு புடுங்கிட்டுதான் பொட்டு வச்சாரு” என்றாள். “ஈரத் துணி வைக்கப் போறேன், கரண்ட்டு இருக்கக் கூடாதுன்னு கழட்டுனாரு. எல்லாத்துக்கும் வச்சாச்சு, இதுக்கு வைக்காட்டி இது கோவிச்சுக்கும்னு, தலையில வச்சு, காலு ரெண்டுலயும் தடவி, ஈரத்தோட மாட்டுனாரு. நா பக்கத்துலதான் நின்னேன்.”

“ஏண்டி இத்தன நாளா சொல்லல?”

“யாரு கேட்டீங்க? லைட்டு ஏன் எரியலன்னுதானே கேட்டீங்க.”

சூசை மெதுவாக ஒரு சத்தம் விட்டார். இருமலா சிரிப்பா தெரியவில்லை.

கலா பியூஸைப் பிடித்து இழுத்தாள். கொஞ்சம் பிடித்துக்கொண்டது. பிறகு வந்தது. தகட்டுக் கால் இரண்டிலும் சந்தனம் பூசியிருந்தது, அது பொருந்துகிற பிளவிலும் அடைந்திருந்தது. சந்தனம் காய்ந்தால் கரண்டை விடாது. பனி வந்து ஈரமானால் கசியவிடும். அந்தக் கசிவில்தான் லைட் துளிர்த்தது. தடங்கிப் போகிற கரண்ட் சூடாக்கிச் சூடாக்கி வாசத்தைக் கிளப்பியது. இதெல்லாம் சூசை பிறகு சொன்னது. பூஜை அன்று பேட்டரி நிறைந்திருந்ததால் ஒன்றும் தெரியவில்லையாம். அவன் போனபிறகு கெட்டதில்லை அது. அவன் சந்தோஷமாக இருந்த நாளில் நின்றது.

விளக்கம் நல்ல விளக்கம். நான் ஒத்துக்கொள்கிறேன்.

ஒன்றை மட்டும் சொல்லிவைக்கிறேன். கலா அந்தப் பியூஸ் காலை விரலால் வழித்தபோது, சந்தனம் பொடியாக உதிரவில்லை. மாதக்கணக்கான சந்தனம், மூடிய பெட்டிக்குள். வெண்ணெய் மாதிரி விரலோடு வந்தது. இப்போது அரைத்துக் கொடுத்த மாதிரி. பனி எங்கேயும் ஏறும் அக்கா என்றார் சூசை. ஏறும்தான். நான் மறுக்கவில்லை.

அவர் உப்புத்தாளால் காலைத் தேய்த்தார், பிளவைச் சுரண்டினார், மாட்டினார். வெளியே போய் வயரைச் செருகினார். சார்ஜருக்குள் ஒரு காற்றாடி உண்டாம். நான் அதன் சத்தத்தை அதுவரை கேட்டதே இல்லை. சுற்ற ஆரம்பித்தது. பேட்டரியில் மீட்டரை வைத்தார். நம்பர் ஏறியது. லைட் நிமிர்ந்தது, நடுக்கமில்லாமல்.

“திங்குது, திங்குது” என்றார் சூசை, பசித்த பிள்ளையைப் பார்க்கிற மாதிரி.

நான் கலாவைப் பார்த்தேன். அவள் மீட்டரைப் பார்க்கவில்லை. விரல் நுனியில் இருந்த சந்தனத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கீழே உதறுவாளா, துணியில் துடைப்பாளா, என்ன செய்வாள்?

நெற்றியில் வைத்துக்கொண்டாள்.

கருமாதி அன்று பீலிக்கரையில் அவளை உட்கார வைத்து, அவள் நெற்றிப் பொட்டை அழித்தோம். பெண்கள் எல்லோரும் சுற்றி நின்றோம். ஒருத்தருக்கும் கை தயங்கவில்லை. அதே மனுஷன் ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்கு வைத்த பொட்டை அழிக்க மட்டும் இத்தனை பேருக்குக் கை வரவில்லை. இது என்ன கணக்கு? எழுதுகிற இந்த நேரம்வரை எனக்கு விடை கிடைக்கவில்லை. உங்களுக்குக் கிடைத்தால் சொல்லுங்கள்.

சூசை தலையைக் குனிந்துகொண்டு ஸ்குரூடிரைவரைத் தேடினார். அது அவர் கையில்தான் இருந்தது.

கலா வெளியே போய் ஏஜென்டுக்குப் போன் எடுத்தாள். வெள்ளிக்கிழமை வர வேண்டாம் என்றாள். அந்த ஆள் ஏன் என்று கேட்டிருப்பார் போல. “வீட்டுல ஆள் இருக்காங்க” என்றாள்.

எந்த ஆள் என்று நான் கேட்கவில்லை.

வியாழக்கிழமை கண்டிக் குடும்பம் வந்தது. பிள்ளைகள் ரயிலுக்குக் கை காட்டித் தொண்டை கட்டிப்போனார்கள். லைட் எரிந்தது, தண்ணீர் வந்தது. கலா தேத்தண்ணித் தட்டோடு கேரவன் படியேறி இறங்கினாள், நெற்றியில் பொட்டோடு. பீலிக்கரையில் என்ன பேசுவார்கள் என்று எனக்குத் தெரியும். பேசட்டும். நான் தண்ணீர் பிடிக்கப் போகிற நேரத்தில் பேசட்டும்.

இன்றைக்கும் பனி வந்தது. நானும் கலாவும் கேரவன் வாசலில் நின்றோம். லைட் அசையவில்லை. பியூஸ் பெட்டியைத் தொட்டுப் பார்த்தேன், ஜில்லென்று இருந்தது.

சந்தனம் மட்டும் மணத்தது. அவள் பக்கத்தில் நின்றதால் இருக்கும்.